பேர் தெரியாதவருக்குக் கிடைத்த வீடு

விவரம்பட்டி எந்த ஜில்லாவில் இருக்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள். அந்த ஊர்க்காரர்களைக் கேட்டால் அவர்களும் ஒரு கமிட்டி போட்டுத்தான் பதில் சொல்வார்கள்.

அங்கே கொஞ்சம் புத்தித் தெளிவோடு இருந்தவள் சீனியம்மா ஒருத்திதான். காரணம், அவள் வெளியூர்க்காரி. செங்கல் சூளை வேலைக்குப் புருஷனோடு வந்தவள், புருஷன் போய்ச் சேர்ந்த பிறகும் இங்கேயே தங்கிவிட்டாள். மழை பெய்தால் அவள் குடிசைக்குள் ஏழு இடத்தில் ஒழுகும். வீட்டில் இருந்ததோ நாலு பாத்திரம். மகள் பூமயில் தலைப்பிரசவத்துக்கு ஐப்பசியில் வருகிறாள். பச்சைப் பிள்ளையை எங்கே படுக்கவைப்பது என்ற கவலையில் சீனியம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த நேரம் பார்த்து ஊருக்கு அரசாங்கத்தின் இலவச வீடு ஒன்று வந்தது. கட்டி, வெள்ளையடித்து, பூட்டி, சாவியைப் பஞ்சாயத்துத் தலைவர் மாயழகு கையில் கொடுத்தார்கள். சீனியம்மா ஓடிப்போய் மனுப் போட்டாள்.

போன வருஷமும் இப்படி ஒரு வீடு வந்தது. மாயழகு அதைத் தன் மச்சானுக்குக் கொடுத்தார். மச்சானுக்கு ஏற்கெனவே மாடி வீடு இருந்ததால் அவருடைய எருமை அதில் குடியேறியது. விசாரிக்க வந்த அதிகாரி கதவைத் தட்ட, எருமை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தது. மனுஷன் கொதித்துப்போய்விட்டார்.

“அடுத்த வீட்டுக்குக் குலுக்கல்தான் போடணும்! வீடு யாருக்குப் போகப்போகுதுன்னு கமிட்டிக்கே தெரியக் கூடாது! தெரிஞ்சுதுன்னா அத்தனை பேரும் உள்ள போவீங்க!” என்று கத்திவிட்டு ஜீப் ஏறினார்.

அந்தப் பயம் மாயழகுக்கு இன்னும் தெளியவில்லை. கமிட்டி உறுப்பினர்களான ஒச்சப்பனையும் தவசியையும் பஞ்சாயத்து ஆபீசில் உட்காரவைத்துக் கூட்டத்தைத் தொடங்கினார். சீனியம்மா வாசலில் நின்றாள்.

“மொத்தம் இருபத்திரண்டு மனு. சொந்தக்காரனுக்குக் கொடுத்தா ஊழல். நமக்குச் சொந்தமானவங்க மனுவையெல்லாம் எடுத்து ஓரமா வைங்கப்பா,” என்றார்.

விவரம்பட்டியில் எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம். இருபத்தொரு மனு ஓரத்துக்குப் போனது. மேஜையில் மிஞ்சியது சீனியம்மாவின் மனு மட்டும். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. “சாமி, கண்ணத் தொறந்துட்ட,” என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

“கொஞ்சம் பொறு தாயி,” என்றார் ஒச்சப்பன். அவர் முகத்தில் கலவரம். “தலைவரே, ஒரே ஒரு மனுன்னா வீடு யாருக்குன்னு இப்பவே நமக்குத் தெரிஞ்சுபோச்சே?”

மாயழகுக்கு வியர்த்துக் கொட்டியது. “ஆத்தாடி! எது தெரியக் கூடாதுன்னாரோ அது தெரிஞ்சுபோச்சே! இப்ப என்னய்யா செய்ய?”

“மறந்துற வேண்டியதுதான்,” என்றார் தவசி.

மூன்று பேரும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு சீனியம்மாவை மறக்க ஆரம்பித்தார்கள். கால் மணி நேரம் கழித்து அவள் பொறுமை போய் இருமினாள்.

“இருமாத தாயி!” என்று மாயழகு பதறினார். “முக்கால்வாசி மறந்துட்டேன். இப்ப மறுபடியும் முதல்லேருந்து மறக்கணும்.”

ஒருவழியாக மறந்து முடித்து, இருந்த ஒரே மனுவைச் சீட்டாக மடித்துப் பானையில் போட்டுக் குலுக்கினார்கள். “நல்லாக் கலக்குங்க. மேல கிடக்குற சீட்டுக்குச் சலுகை காட்டக் கூடாது,” என்றார் தவசி. ஒச்சப்பன் குலுக்கிய வேகத்தில் பானை தவசியின் தலையிலேயே மோதி உடைந்தது. மாயழகு கண்ணைக் கட்டிக்கொண்டு தரையில் துழாவினார். முதலில் அகப்பட்டது தவசியின் கால் கட்டைவிரல். அது மனுப் போடவில்லை என்பதால் விட்டுவிட்டு, அடுத்ததாகச் சீட்டை எடுத்தார்.

இப்போது யார் படிப்பது? படித்தால் தெரிந்துபோகுமே! நெடுநேரம் விவாதம் நடந்தது. கடைசியில், எழுத்துவாசனையே இல்லாத தவசி படிப்பது என்று ஏகமனதாக முடிவானது.

தவசி சீட்டை உற்றுப் பார்த்தார். திருப்பியும் பார்த்தார். “படிச்சாச்சு.”

“யாருக்குப்பா?”

“தெரியல.”

“அப்படின்னா சுத்தமான குலுக்கல்!” என்று மாயழகு கைதட்டினார். யாரும் சீட்டை மாற்றிவிடக் கூடாதே என்று அதை அங்கேயே கொளுத்தினார்கள்.

“ஐயா, சாவியக் கொடுங்க,” என்றாள் சீனியம்மா.

“வீட்டுக்காரருக்கு மட்டுந்தான் கொடுப்போம்.”

“அது யாரு?”

“தெரியாது தாயி. தெரிஞ்சா ஜெயிலு.”

சாவி கமிட்டியிடம் இருப்பதும் சந்தேகத்துக்கு இடம் என்று ஒச்சப்பன் சொன்னதால், அதை அந்த வீட்டுக் கதவிலேயே ஆணியடித்து மாட்டினார்கள். திருடன் வந்தால்? மூன்று பேரும் தினமும் காவல் நிற்பதென்று தீர்மானம் போட்டார்கள். வீட்டுக்காரர் வந்தால் முகம் தெரிந்துவிடுமே? அதனால் வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள்.

ஐப்பசி பிறந்தது. பூமயில் வந்தாள். மூன்றாம் நாள் காலையில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. குடிசைக்குள் கணுக்கால் தண்ணீர். மகளுக்கு இடுப்புவலி கண்டுவிட்டது. சீனியம்மா யோசிக்கவே இல்லை. மகளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு மூன்று முதுகுகளுக்குப் பின்னால் நடந்தாள், சாவியை எடுத்தாள், கதவைத் திறந்தாள், உள்ளே போய்த் தாழ் போட்டாள்.

“கதவுச் சத்தம் கேட்டுச்சே?” என்றார் ஒச்சப்பன்.

“வீட்டுக்காரர் வந்துட்டாரு! திரும்பிறாதீங்க!” என்றார் மாயழகு.

மத்தியானம் உள்ளே குழந்தை வீறிட்டு அழுதது.

“ரொம்பச் சின்ன வயசுக்காரரா இருப்பாரு போல,” என்றார் தவசி.

மழை விட்டதும் சீனியம்மா சந்தோஷம் தாங்காமல் வெளியே வந்து, முன்பக்கமாகச் சுற்றிப் போய் மூன்று பேர் வாயிலும் சர்க்கரை போட்டாள். “பேத்தி பொறந்திருக்கா!”

மாயழகு சர்க்கரையைச் சப்பிக்கொண்டே அவள் ஈரச் சேலையைப் பார்த்தார். பாவம், மனசு இளகிவிட்டது. அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

“சீனியம்மா, இந்த வீடு வேற யாருக்கோ போயிருச்சேன்னு வருத்தப்படாத. அடுத்த வருஷம் வர்ற வீடு உனக்குத்தான், இது என் வாக்கு. ஆனா ஒண்ணு, மனு மட்டும் போட்டுறாத. போட்டா, யாருக்குன்னு எங்களுக்குத் தெரிஞ்சுபோகும்.”