முதலையின் வாயில் அடைத்த ரொட்டி

அந்தக் காலத்தில், முதலைகூட மனிதரோடு ஊர்வம்பு பேசிக்கொண்டிருந்த காலத்தில், நைல் நதியின் மேற்பகுதியில் நூபியா என்றொரு நாடு இருந்தது. அங்கே ஒரு வழக்கம். ஆற்றில் மூழ்கிப் போனவன் அங்கே வெறும் பிணமில்லை, தெய்வம். நேற்றுவரை ஊராரிடம் திட்டு வாங்கியவனாக இருந்தாலும் சரி, ஆறு கொண்டுபோய்விட்டால் அவனுக்குக் கோயில்தான். ஆற்றுக்குப் போனதைத் திரும்பக் கேட்கக் கூடாது.

படகோட்டி அதேரியும் அப்படித்தான் வெள்ளத்தில் போனான். உடல்கூடக் கிடைக்கவில்லை. ஊர் கூடி ஒரு சின்ன மண்கோயில் கட்டியது. அந்த வருஷம் ஆறும் அளவாகப் பெருகி, வயலெல்லாம் விளைந்தது. ஊரார் தினமும் சுட்டுத் தரும் ரொட்டியைக் கோயிலில் படைப்பது அவன் மனைவி மலேவியின் வேலை. காலையில் போய்ப் பார்த்தால் ரொட்டி இருக்காது. "சாமியே வந்து சாப்பிடுது!" என்று ஊரே கும்பிட்டது.

மலேவிக்கு மட்டும் மனசுக்குள் ஒரு குடைச்சல். தட்டில் ரொட்டியின் கருகிய ஓரம் மட்டும் கிடந்தது. அதேரி வீட்டிலும் கருகிய ஓரத்தைக் கிள்ளி வைத்துவிட்டுத்தான் சாப்பிடுவான். தெய்வமான பிறகுமா இந்தப் பழக்கம்?

அவள் போய் முதலையிடம் கேட்டாள். ஆற்றுச் சங்கதியெல்லாம் அதற்கு அத்துப்படி. வாய்தான் சும்மா இருக்காது.

"உன் புருஷனா? நாணலுக்குள்ள குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கான். ஊர்ல இன்னும் யாருக்கும் சொல்லல. இப்பதான் போறேன்!"

மலேவி நாணலுக்குள் ஓடினாள். இளைத்துப்போய், தாடியும் மீசையுமாக அதேரி இருந்தான். அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

"உசிரோட இருந்துக்கிட்டு ஏன் வீட்டுக்கு வரல?"

"எப்படி வர்றது மலேவி? ஆத்துக்குக் குடுத்தத எடுத்தா வெள்ளம் பொய்ச்சிடும்னு, கட்டித் தூக்கி ஆத்துலயே போட்டுடுவாங்க."

அவன் சொன்னது நிஜம். முதலை அதற்குள் படித்துறையை நெருங்கியிருந்தது. பூசாரியும் ஊராரும் அங்கேதான் நின்றிருந்தார்கள். கையிலிருந்த அன்றைய படையல் கூடையோடு மலேவி கரையோரமாகவே ஓடினாள்.

முதலை கரையேறி, வாயை அகலத் திறந்தது. "கேட்டீங்களா சேதி? உங்க சாமி இருக்காரே..."

மலேவி கூடையிலிருந்த ரொட்டியை முழுசாக அதன் வாய்க்குள் திணித்தாள். கெட்டியான ரொட்டி பல்லிடுக்கெல்லாம் அப்பிக்கொண்டது. முதலைக்கு மூச்சு வந்தது, பேச்சு வரவில்லை.

பூசாரி பதறினார். "என்ன காரியம் பண்ணின? சாமியப் பத்தி அது என்னமோ சொல்ல வந்துச்சே!"

"சாமிக்கு ஒரு ரொட்டி பத்தலைன்னு சொல்ல வந்துச்சு. நாளையிலேருந்து ரெண்டா வைங்க. கருகாததா வைங்க" என்றாள் மலேவி.

அப்படியே வைத்தார்கள். மலேவியும் கோயில் பக்கத்திலேயே ஒரு குடிசை போட்டுக்கொண்டாள். அடுத்த வருஷம் அவளுக்கு ஒரு பெண் பிறந்தது. சாமி கொடுத்த பிள்ளை என்று ஊரார் சொன்னார்கள். அதில் பொய்யொன்றும் இல்லை.

அன்று முதல்தான் முதலை கரையில் வாயைத் திறந்தபடியே கிடக்கிறது. சின்னப் பறவைகள் வந்து அதன் பல்லிடுக்கைக் கொத்திக் கொத்திப் பார்க்கின்றன. கடைசித் துணுக்கும் வந்துவிட்டால், விட்ட இடத்திலிருந்து அது சொல்ல ஆரம்பித்துவிடும்.