நுனியை அளந்தவர்

"குண்டும் சரியில்ல, கூட்டாளியும் சரியில்ல, டீச்சர். ரெண்டையும் மாத்தணும்."

தாணுலிங்கம் வந்ததும் வராததுமாக இப்படித்தான் ஆரம்பித்தார். ஊர் நிலத்தையெல்லாம் அளந்து ஓய்வு பெற்ற சர்வேயர். ரஹ்மத் டீச்சரைவிட வயதில் மூத்தவர். ஆனாலும் துப்பாக்கி பிடிக்கக் கற்றது அவளிடம் என்பதால் அவள் முன்னால் உட்கார மாட்டார்.

மலையடிவாரத்துச் சுடுதளத்தில் மேகம் தரைக்கே இறங்கியிருந்தது. இலக்குப் பலகைகள் எங்கேயோ கரைந்துபோயிருந்தன.

மேகம் விலகியதும் இரட்டையர் போட்டி. ஒருவர் சுடுவார், மற்றவர் பக்கத்தில் படுத்துக் காற்றைப் பார்த்துச் சொல்வார். கூட்டாளி இல்லாதவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

"குண்டுக்கு என்ன, அண்ணாச்சி?"

"ஒரே பெட்டியில வந்ததுதான். ஒண்ணோட நீளம் இன்னொண்ணுக்கு இல்ல. தோட்டா கட்டலாம்னு உக்காந்தா முக்காவாசி தேறல."

கழித்துப் போட்டவற்றைக் காட்டினார். ஒரு டிபன் டப்பா நிறைய இருந்தன.

"சவரிமுத்து அண்ணனுக்கு என்ன?"

"அவன் வாய்தான் உங்களுக்குத் தெரியுமே. 'அளக்கத் தெரிஞ்ச அளவுக்கு அடிக்கத் தெரியலயே'ன்னு டீக்கடையில அத்தன பேர் முன்னாடியும் கேட்டுட்டான். போதும் டீச்சர். அவன் பேர எடுத்துருங்க."

தனக்கு வந்திருப்பது கோபம் என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். பாவம்.

டீச்சர் டப்பாவிலிருந்து நெட்டையாக ஒரு குண்டையும் குட்டையாக ஒன்றையும் பொறுக்கினாள். வெடிமருந்தோடு சேராத வெறும் குண்டுகள். மார்க்கர் பேனாவால் இரண்டையும் கறுப்பாக்கினாள். ஒன்றை அவருடைய துப்பாக்கிக் குழலுக்குள் மெல்லத் தள்ளி, கம்பியால் திரும்ப வெளியே தட்டினாள். அடுத்ததையும் அப்படியே செய்தாள்.

"எங்க உரசியிருக்கு?"

மூக்குக்கண்ணாடியில் படிந்த ஈரத்தைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். நுனியில் மை கலையவே இல்லை. கீழே, குண்டு தடிக்கத் தொடங்கும் தோள்பட்டையில் மட்டும் சுற்றிலும் கீறியிருந்தது.

"தோள்ல."

"நீங்க எங்க அளந்தீங்க?"

"நுனியில."

மேசையில் கிடந்த போல்ட் நட்டு ஒன்றை எடுத்து நெட்டைக் குண்டின் தலையில் மாட்டினாள். அது கீறல் இருந்த இடத்தில் போய் நின்றது. அடியிலிருந்து அதுவரைக்கும் அளக்கச் சொன்னாள்.

அளந்தார். குட்டையையும் அளந்தார். நம்பாமல் மறுபடியும் அளந்தார்.

முடியளவுகூட வித்தியாசம் இல்லை.

"நுனி பிசிறாத்தான் வரும், அண்ணாச்சி. குழல் அதைத் தொடுறதே இல்லையே."

தாணுலிங்கம் அவள் எதிரிலேயே உட்கார்ந்துவிட்டார். அதை அவர் கவனிக்கவும் இல்லை. டப்பாவைக் கவிழ்த்து ஒவ்வொன்றாக அளக்கத் தொடங்கினார். நேரம் எப்படிப் போனதென்று தெரியவில்லை. வெண்மைக்குள் எங்கோ ஒரு மயில் அகவியது. மேசை ஓரம் வரை வந்த மேகம் அங்கேயே நின்று வேடிக்கை பார்த்தது. ஒன்றிரண்டு உண்மையாகவே சொத்தை. மற்றதெல்லாம் தேறியது.

"அப்ப, சவரிமுத்து அண்ணன் பேர எடுத்துரவா?" என்றாள் டீச்சர்.

தாணுலிங்கம் வெர்னியர் அளவுகோலைக் கீழே வைத்தார்.

துப்பாக்கியோடு படுத்திருக்கும்போது காதருகே வரும் குரல் நினைவுக்கு வந்தது. "இடது கொஞ்சம். பொறு. இப்ப." அந்த நேரத்தில் ஒரு சொல் கூடுதலாக வராது. அதை நம்பி விசையை அழுத்தி அவர் ஒருநாளும் கெட்டதில்லை.

எழுந்தார். மேகத்தின் விளிம்புவரை போய், இருந்த மூச்சையெல்லாம் சேர்த்துக் கூப்பிட்டார்.

"சவரிமுத்து!"

உள்ளேயிருந்து பதில் வந்தது.

"என்னவே, காட்டுக்கத்து கத்துதீரு? விடிஞ்சதுலேருந்து பாய விரிச்சுட்டு உமக்காகத்தான் நனைஞ்சிட்டுக் கெடக்கேன். வந்து படும்!"