நரிக்கு மூன்று சாட்சி, முள்ளெலிக்கு ஒன்று

ஆங்கிலோ-சாக்சன் மன்னர்கள் இங்கிலாந்தைத் துண்டு துண்டாகப் பங்கு போட்டு ஆண்ட காலம் அது, பிள்ளைகளே. அங்கே ஓக் மரங்கள் அடர்ந்த ஒரு காட்டில் ஹில்டா என்ற முள்ளெலி இருந்தாள். முதுகிலும் முள், நாக்கிலும் முள். மனதில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுவாள். அதனால் நண்பர்கள் குறைவு. குறைவு என்ன, ஒருவரும் இல்லை.

அறுவடை விருந்துக்கென்று கலைமான் தலைவர் வைத்திருந்த தேனடை ஒருநாள் காலையில் காணாமல் போயிற்று. தின்றது ஆஸ்ரிக் என்ற நரி. தின்றவன் சும்மா இருந்தானா? "தேனடைக்குப் பக்கத்தில் ஹில்டாவின் வளைதானே இருக்கிறது? வேறு யார் தின்றிருப்பார்கள்?" என்று காட்டையே கூட்டிவிட்டான்.

"நீ தின்றுவிட்டு என் தலையிலா கட்டுகிறாய்?" என்று சீறினாள் ஹில்டா.

அந்த நாட்டு மனிதர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பழி விழுந்தவர் 'நான் செய்யவில்லை' என்று சத்தியம் செய்ய வேண்டும். 'இவர் சொல்லை நம்புகிறோம்' என்று கூடவே சத்தியம் செய்ய ஆட்களையும் கூட்டிவர வேண்டும். காட்டு விலங்குகளும் அதையே பிடித்துக்கொண்டிருந்தன.

"இருவரும் நாளை ஆட்களோடு வாருங்கள். தோற்றவர் காட்டைவிட்டு வெளியே!" என்றார் கலைமான்.

பனிக்காலம் நெருங்கிவிட்டது. அது முடியும்வரை தூங்குவதற்காக ஹில்டா வளை நிறையச் சருகு சேர்த்து வைத்திருந்தாள். இப்போது துரத்தினால் குளிரில் விறைத்துச் சாக வேண்டியதுதான்.

முயலிடம் ஓடினாள். "முயலண்ணே, எனக்காக ஒரு சத்தியம் செய்யேன்."

"என் காதை முறம் என்று சொன்னவள்தானே நீ? முறத்துக்குக் காது கேட்காது, போ!" என்று முயல் திரும்பிப் படுத்துக்கொண்டது.

நரி என்ன செய்தான்? அணில், நீர்நாய், எலி மூவரையும் தனித்தனியே போய்ப் பார்த்தான். அவனைக் கண்டாலே அவர்களுக்கு நடுக்கம். 'நம்புகிறேன்' என்று சொல்லச் சொல்லியிருந்தால் போதும். நரிக்கோ அது சப்பென்று இருந்தது. "அந்தக் காலை முழுக்க நான் உன் வீட்டில்தான் இருந்தேன். அதையும் அழுத்திச் சொல்!" என்று ஒவ்வொருவரையும் மிரட்டிவிட்டு வந்தான்.

மறுநாள் கூட்டத்தில் ஹில்டா தனியாக நின்றாள். எங்கிருந்தோ வாத்து தத்தித் தத்தி வந்து பக்கத்தில் நின்றது.

"நான் எதையும் பார்க்கவில்லை. ஆனால் என் பாட்டு சகிக்கவில்லை என்று என் முகத்துக்கு நேரே சொன்னவள் இவள். தேனைத் தின்றிருந்தால், 'ஆமாம், தின்றேன், இப்போது என்ன?' என்றுதான் கேட்டிருப்பாள். நான் இவளை நம்புகிறேன்."

ஹில்டா முள்ளை மடக்கிக்கொண்டு வாத்தின் பக்கம் நெருங்கி நின்றாள்.

"ஒரே ஒரு வாத்துதானா? ஐயோ பாவம்!" என்று நரி இளித்தான். "என் ஆட்களைப் பாருங்கள்!"

அணில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தது. "சத்தியமாகச் சொல்கிறேன். அன்று காலை முழுக்க ஆஸ்ரிக் என் மரத்து உச்சிக் கிளையில் உட்கார்ந்திருந்தார்!"

"இல்லையே, ஆற்று நடுவில் என்னோடு நீந்திக்கொண்டல்லவா இருந்தார்?" என்றது நீர்நாய்.

எலி நரியைத் திரும்பிப் பார்த்தது. சொல்லாவிட்டால் நரி விடமாட்டானே! "என்... என் வளைக்குள்ளே... காலை நீட்டிப் படுத்திருந்தார்..."

"எலி வளைக்குள்ளேயா? காலை நீட்டியா?" என்று முயல் விழுந்து விழுந்து சிரித்தது. கூட்டமே குலுங்கியது. ஹில்டா சிரித்த சிரிப்பில் பந்தாகச் சுருண்டு உருண்டே போனாள்.

கலைமான் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுந்தார். "மரத்தில் ஒரு நரி, ஆற்றில் ஒரு நரி, வளைக்குள் ஒரு நரி. மூன்று பேரும் இப்போதே காட்டைவிட்டுக் கிளம்புங்கள்!"

ஓடியது என்னவோ ஒரே நரிதான்.

நீதி: உண்மைக்கு ஒரு சாட்சி போதும், பொய்க்குச் சாட்சி கூடக் கூடக் குட்டுதான் உடையும்.