சூரியன் வரைக்கும் போன மாப்பிள்ளை

பெண் பார்க்க வந்த சுடலைமணி, முதல் பஜ்ஜியைக் கடிக்கும்போது வெளிநாட்டில் ஓர் அணு இணைவு உலையில் வேலை பார்ப்பவனாகத்தான் இருந்தான். இரண்டாவது பஜ்ஜிக்குள் அந்த உலையே அவன் இல்லாமல் எரியாது என்றாகிவிட்டது.

கல்யாணப் பெண் உலகம்மாள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறவள். அவளுடைய அப்பாவோ யார் எதைச் சொன்னாலும் நம்புகிறவர். போதாததற்கு வெற்றிலைத் தாம்பாளத்தைத் தன் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டார். அது கைமாறிவிட்டால் கல்யாணம் நிச்சயமான மாதிரிதான்.

“ஹைட்ரஜன் எரியுதுல்லா மாமா, அதுல ஹீலியம் சாம்பலா மிஞ்சும். அள்ளலேன்னா தீ அமந்துபோவும். உள்ள சூடு பதினஞ்சு கோடி டிகிரி.”

“எதக் கொண்டு அள்ளுவீய?” என்றாள் உலகம்மாளின் சித்தி மூக்கம்மா. எதையும் சும்மா விட்டு அவளுக்குப் பழக்கமில்லை.

“அடியில உறிஞ்சுற பம்பு உண்டு அத்தை. ஒருநாள் அது நின்னுபோச்சு. நான் தோச திருப்புற சட்டுவத்த எடுத்துக் கைய உள்ள விட்டேன்.”

சாம்பல்வரை சரி என்று கேட்டுக்கொண்டிருந்த உலகம்மாள், சட்டுவம் வந்ததும் பல்லைக் கடித்தாள்.

“கை வேகலையா?” என்றாள் சித்தி.

“துண்டு சுத்திக்கிட்டேன்லா! ஆனா சட்டுவம் உருகிட்டு. வேற வழி? வாய வச்சு ஒரே உறிஞ்சு. அம்புட்டு ஹீலியமும் வயித்துக்குள்ள. கூரையப் பிச்சுக்கிட்டு மேல போறேன். காலப் புடிச்சு இழுத்த எட்டு விஞ்ஞானிகளும் கூடவே வாராங்க.”

“அடேயப்பா!” என்றார் அப்பா. உலகம்மாளுக்கு அவர்மேல்தான் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

“எங்க போய் நின்னீய?” என்றாள் சித்தி.

“சூரியன்ல. போனதுதான் போனோம்னு அங்கயும் சாம்பல அள்ளிப் போட்டுட்டு வந்தேன். நானூத்தம்பது கோடி வருசத்துக் குப்ப அத்தை! இந்த வருசம் வெயில் ஏன் இந்தப் போடு போடுதுன்னு நெனச்சீய?”

உச்சி குளிர்ந்துபோன அவன் அம்மா தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தாள். அன்றைக்கு அந்த வீட்டில் அவனைப் பற்றிச் சொல்லப்பட்டதில் அது ஒன்றுதான் நிஜம்.

“வேலயெல்லாம் வெளியதான். வீட்ல எம்புள்ள சாப்பிட்ட தட்டக்கூட எடுக்க மாட்டான். நான்தான் அடுக்களைக்கு எடுத்துட்டுப் போவேன். இனிமே அதுக்கு ஒரு ஆள் வேணும்லா?”

அப்பா சிரித்துக்கொண்டே தாம்பாளத்தைத் தூக்கினார். உலகம்மாள் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள்.

“கீழ வைங்கப்பா. சூரியன் வரைக்கும் போனவருக்கு அடுக்களை தூரமாம்.”