கிளியிடம் சொன்னது

மதுரையில் குழந்தைகளுக்கான ஆன்லைன் விளையாட்டு செய்கிற சின்ன ஆபீஸ் அது. அங்கே குருவுக்கு வயசு முப்பத்தொன்று, சீடருக்கு நாற்பத்தெட்டு. சிரிக்காதீர்கள், நிஜமாகவே அப்படித்தான். பேங்க் வேலையை உதறிவிட்டு வந்த தணிகாசலம், தனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மங்கையர்க்கரசியைக் 'குருவே' என்றுதான் கூப்பிடுவார். முதலில் கிண்டலாக ஆரம்பித்தது, பிறகு அதுவே பழகிவிட்டது.

தணிகாசலம் செய்த விளையாட்டில் ஒரு பச்சைக்கிளி உண்டு. "உன்னைப் பத்திச் சொல்லேன்" என்று கேட்கும். குழந்தை பேசப் பேச எழுத்தாகப் பதிந்துகொள்ளும். ஒரே மாதத்தில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் பேசிவிட்டார்கள். அந்தப் பதிவுகளையெல்லாம் தங்களுக்குத் தரச்சொல்லி ஒரு விளம்பரக் கம்பெனி கேட்டது.

"குடுத்துடலாமா குருவே? 'அம்மா அப்பா சம்மதமா'ன்னு கட்டம் வச்சிருக்கேன். எல்லாரும் டிக் போட்டிருக்காங்க. சட்டப்படி பக்கா."

"டிக் போட்டது யாருண்ணே?"

"பிள்ளைங்களேதான்..." தணிகாசலம் தலையைச் சொறிந்தார்.

"சரி, ஏதாவது ஒண்ணை வாசிங்க."

கைபோன போக்கில் ஒன்றைத் திறந்தார்.

"'என் பேரு கே. தேன்முல்லை. கே-ன்னா கருப்பசாமி, எங்கப்பா. மூணாங்கிளாஸ் பி செக்‌ஷன். வீடு தண்ணித்தொட்டித் தெரு...'"

நம்ம ஊர்ப் பிள்ளைகள் அப்படித்தானே! விருந்தாளி பேர் கேட்டால் அப்பா பேர், ஸ்கூல், தெரு எல்லாம் மூச்சுவிடாமல் ஒப்பிக்கும். நாமும் 'அடி என் சமர்த்து!' என்று கன்னத்தைக் கிள்ளுவோம். தணிகாசலமும் சிரித்துக்கொண்டேதான் வாசித்தார்.

"'அம்மா ஆறு மணிக்குத்தான் வருவாங்க. அதுவரைக்கும் நான் மட்டும்தான். சாவி செருப்பு ஸ்டாண்டுக்குப் பின்னாடி இருக்கும்...'"

சிரிப்பு நின்றுவிட்டது.

"ஐயோ, குருவே! நான் வரைஞ்ச ஒரு பொம்மைக் கிளிகிட்டயா இவ்வளவும்! என் பொண்டாட்டிகூட என்னை இப்படி நம்பினதில்லை. பாருங்க, புல்லரிக்குது."

"மேல வாசிங்க."

"'தனியா இருந்தா எனக்குப் பயம். இதை யார்கிட்டயும் சொல்லாத, சரியா?'"

தணிகாசலம் மெல்ல ஆரம்பித்தார்.

"இருந்தாலும் குருவே, கம்பெனிக்காரங்க நாளைக்குக் கேப்பாங்க. நாம அந்தப் பிள்ளைக்கு வாக்கு எதுவும் குடுக்கலையே?"

"இன்னும் ஒரு வரி இருக்குண்ணே. கிளி சொன்னது."

தணிகாசலம் குனிந்து பார்த்தார்.

"'சரி கண்ணு.'" நிமிர்ந்தார். "அது... யார் என்ன கேட்டாலும் சொல்றதுக்கு நான் பொதுவா எழுதிவச்சது குருவே."

"ஆமாண்ணே. கேட்டது தேன்முல்லை. சரின்னு சொன்னது நீங்க."