கழுவிச் சாத்திய இலை

நாற்றங்காலுக்குத் தண்ணீர் சுமப்பது தையல்நாயகி அம்மையாரின் வேலை. தெற்குக் கடலில் கரும்புக்குப் பேர்போன ஒரு தீவில், ஒரு துரையின் தோட்டத்தில், இருபத்திரண்டு ஆண்டுகள் அதைச் செய்தார். தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம், ஓடைக்கும் நாற்றங்காலுக்குமாக நாளைக்கு அறுபது நடை. உச்சிவேளையில் கஞ்சிக்கு மணி அடித்ததும் மற்றவர்கள் சட்டியைத் திறப்பார்கள். அம்மையார் காட்டுக்குள் போவார். அங்கே ஒரு மரம், அதன் அடியில் ஒரு கருங்கல். அந்தக் கல்தான் அவருக்குச் சிவன். மரத்திலிருந்து ஓர் இலை கொய்து கல்லின்மேல் சாத்தி, விழுந்து கும்பிட்ட பிறகே அவர் வாயில் கஞ்சி இறங்கும். இலை சாத்தாத நாளில் உண்பதில்லை என்று கப்பலில் வரும்போதே விரதம் எடுத்துக்கொண்டவர் அவர்.

அந்த மரத்தை அம்மையார் வில்வம் என்று நம்பியிருந்தார். அது வில்வம் அல்ல. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை, ஏனென்றால் அந்தப் பிழையில் அவருடைய பங்கு குறைவு. சீர்காழிப் பக்கத்தில் அவர் பிறந்த ஊரில் சிவன் கோயில் இருந்தது. அவர் பிறந்த சேரிக்காரர்களுக்கு மதிலுக்கு வெளியேதான் இடம். பூசை முடிந்து வெளியே கொட்டும் குப்பையில் காய்ந்து சுருண்டு கிடந்த வில்வத்தைத்தான் அவர் பார்த்திருந்தார். ஒரு காம்பில் மூன்று இலை என்பதற்கு மேல் அவருக்கு யாரும் காட்டிக் கொடுக்கவில்லை. தீவில் இறங்கிய மூன்றாம் நாள், ஒரு காம்பில் மூன்று இலை காற்றில் ஆடக் கண்டதும், தனக்கு முன்னாலேயே சாமி கடல் கடந்து வந்துவிட்டார் என்று நின்று அழுதார்.

அந்தக் காட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். மனித வாடையே படாமல் வளர்ந்த காடு அது. முதலில் வந்த வெள்ளைக்காரர்கள் கருங்காலியில் பெரும்பகுதியை வெட்டிக் கப்பலேற்றினார்கள். அடுத்து வந்தவர்கள் மிச்சக் காட்டில் பாதியை எரித்துக் கரும்பு நட்டார்கள். அவர்களுக்கும் அடுத்து வந்தவர்கள், மழை குறைகிறதே என்று கவலைப்பட்டு, ஊர் ஊராக விதை தருவித்துப் புதிய காடு வளர்க்கக் கிளம்பினார்கள். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற வேலைதான். தைல மரம் வந்தது, சவுக்கு வந்தது, சின்னதாகச் சிவப்பாகப் பழுக்கும் சீனக் கொய்யா வந்தது. நம்மவர்களும் வெறுங்கையோடு வரவில்லை. முருங்கைக் கொம்பும் புளியங்கொட்டையும் மூட்டைக்குள் வந்தன. வந்தவற்றில் பாதியைப் பிழைக்க வைத்தது அம்மையாரின் தண்ணீர். அதிலும் கொய்யா நாற்றுகள் மேல் அவருக்குத் தனிப் பிரியம், பிள்ளை இல்லாத குறைக்கு அவற்றோடு பேசிக்கொண்டே தண்ணீர் விடுவார்.

அவருடைய கணவர் மருதன் காடு வெட்டும் ஆட்களில் ஒருவர். ஐந்தாம் ஆண்டு, மறுபக்கம் சாயும் என்று நினைத்த கருங்காலி அவர் நின்ற பக்கம் சாய்ந்தது. சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து கிடத்தினார்கள். அன்றைக்கும் உச்சிவேளை வந்தது, அம்மையார் எழுந்தார். தோட்டத்துக் கங்காணி வையாபுரி வழியை மறித்தார்.

"புருசன் பொணம் கெடக்குது. எலை பறிக்கப் போறியா, ஏ தையலு?"

"சாமிக்கு நேரமாச்சு கங்காணியாரே. அழுவுறதுக்கு மிச்ச நாளெல்லாம் கெடக்கு."

கல்நெஞ்சுக்காரி என்று லயத்துக் குடிசைகளிலெல்லாம் பேசினார்கள். அம்மையார் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பட்ட காலிலே படும் என்பார்கள். அவருக்குப் பட்டதெல்லாம் அந்தக் காட்டுக்கும் பட்டது. முதல் ஆண்டு நூறு அடியில் இருந்த மூன்றிலை மரம் வெட்டுப்பட்டது. கல்லைத் தூக்கிக்கொண்டு அடுத்த மரத்தடிக்குப் போனார். அதுவும் போயிற்று. பத்தாம் ஆண்டில் இலைக்கு ஒரு மைல் நடந்தார், பதினெட்டாம் ஆண்டில் நான்கு மைல். கஞ்சி வேளைக்குள் போய்த் திரும்ப முடியாமல் ஆனபோது, கல்லைத் தம் குடிசைக்குப் பின்னால் கொண்டுவந்து வைத்தார். ஞாயிற்றுக்கிழமை போய் ஓர் இலை கொண்டுவருவார். மற்ற ஆறு நாளும் அதே இலையைக் கழுவிக் கழுவிச் சாத்துவார். மற்றப் பூவையும் இலையையும் ஒருமுறை சாத்தினால் தீர்ந்தது, வில்வத்துக்கு மட்டும் அந்தக் குறை இல்லை, கழுவி மறுபடியும் சாத்தலாம் என்று மதிலுக்கு வெளியே நின்று அவர் கேட்டிருந்தார். அந்த ஒரு சலுகையை நம்பித்தான் அவர் விரதம் நின்றது.

இந்த நிலையில்தான் துரையின் தோட்டத்துக்கு உண்மையான வில்வம் வந்தது. வயிற்றுக்கடுப்புக்கு மருந்து என்று யாரோ சொல்ல, துரை நம் நாட்டிலிருந்து ஒரு கன்று தருவித்தார். கோயிலுக்குள் போய் வளர்ந்தவர் வையாபுரி. பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது. ஒரு ஞாயிறு ஆட்கள் எல்லாரையும் கூட்டினார். அம்மையாரின் கல்லின்மேலிருந்து இலையை எடுத்து ஒரு கையிலும், கன்றின் இலையை மறுகையிலும் வைத்துக்கொண்டார். இரண்டையும் கசக்கி ஒவ்வொருவர் மூக்கிலும் காட்டினார். ஒன்று மணத்தது. மற்றது பச்சிலையாக நாறியது.

"வில்வத்துக்கு முள்ளு உண்டு, ஒன் மரத்துக்கு இருக்கா? வில்வத்துக்குத்தான் கழுவிச் சாத்துற சலுகை. இது என்னா எலையோ! பழைய குப்பைய அலசி அலசிச் சாமி தலையில போட்டுட்டு, விரதம் முடிஞ்சுதுன்னு கஞ்சியும் குடிச்சிருக்க."

கூட்டம் சிரித்தது. தங்களைவிட இளைத்தவர் ஒருவர் கிடைத்துவிட்டால் இளைத்தவர்களுக்கும் சிரிப்பு வரும். அம்மையார் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. கசங்கிய இலையைக் கையில் வாங்கிக்கொண்டு கல்லின் முன்னால் உட்கார்ந்தார். பக்கத்துக் குடிசைக் குஞ்சம்மா பயந்துபோய் அருகில் நின்றாள். அம்மையார் கல்லிடம் சொன்னதை அவள் கேட்டாள்.

"நான் தெரியாமக் குடுத்தேன் சாமி. நீ தெரிஞ்சுதானே வாங்கிக்கிட்ட?"

பிறகு அதே இலையைக் கழுவிச் சாத்திவிட்டுக் கஞ்சி குடித்தார்.

அடுத்த ஞாயிறு காட்டுக்குப் போனவர் மரத்தருகே நெருங்க முடியாமல் நின்றார். அந்தப் பக்கத்தில் மிஞ்சிய கடைசி மரம் அது. அதைச் சுற்றி வாரா வாரம் நெருங்கி வந்த கொய்யா இப்போது ஆள் உயரத்துக்கு அடைத்திருந்தது. யாரும் அங்கே நட்டதில்லை. பழம் தின்ற பறவைகள் விதையைக் கொண்டுபோய்ப் போட்டிருந்தன. மரத்தடியில் முளைத்த மூன்றிலைக் கன்றுகள் அத்தனையும் வெயில் காணாமல் செத்துக் கிடந்தன. இடம் கொடுத்தால் மடம் பிடுங்குகிற அந்தச் செடி எங்கே பிழைத்து, யார் விட்ட தண்ணீரில் வளர்ந்தது என்பது அம்மையாருக்குத் தெரியும். தம் கைகளைப் பார்த்தார். பெற்ற பிள்ளை கொலைகாரன் என்று கேள்விப்பட்டவர் போல இருந்தது அவருக்கு. குனிந்து முதல் கொய்யாச் செடியைப் பிடுங்கினார்.

ஞாயிறுதோறும் பிடுங்கினார். நான்காம் ஞாயிறு, காவல்காரர்கள் அவரைப் பிடித்தார்கள். கூலிக்காரர்கள் தோட்டத்தை விட்டு வெளியே போனால் துரை கையெழுத்திட்ட சீட்டு வேண்டும்; அவரிடம் சீட்டு இல்லை. துரையின் செடிகளை அழித்தார் என்பதும் சேர்ந்தது. நூறு மைல் காட்டை அழித்தவர்களுக்கு இல்லாத சட்டம் நாலு கொய்யாச் செடிக்கு இருந்தது. ஏழு நாள் சிறை. முந்தானையில் முடிந்திருந்த இலையைச் சிறைக்காவலர் பிரித்து எறிந்து மிதித்தார். ஏழு நாளும் அம்மையார் தண்ணீரைத் தவிர ஒன்றும் தொடவில்லை. உண்ணாதது பிடிவாதம் என்று தினமும் ஆறு அடி கொடுத்தார்கள்.

எட்டாம் நாள் விட்டார்கள். நேரே காட்டுக்குப் போனார். மரம் இல்லை. மரம் இருந்தால்தானே ஓடுவாள் என்று வையாபுரி சொல்ல, துரை தலையாட்ட, வெட்டிவிட்டார்கள். கட்டையும் கிளையும் சருகும் ஆலை அடுப்புக்குப் போய்விட்டன, ஒரு காம்புகூட இல்லை. குடிசைக்குப் பின்னால் கல்லின்மேல் விட்டுப்போன பழைய இலையும் அந்த ஏழு நாளில் காற்றில் போயிருந்தது. அடிக்கட்டையை அம்மையார் தடவிப் பார்த்தார். ஈரமாக இருந்தது.

தண்டனையாக அவரை நாற்றங்காலிலிருந்து மாற்றி, ஆலையில் கரும்பு ஊட்டும் வேலையில் நிறுத்தினார்கள். ஒன்பது நாள் உண்ணாத உடம்பு அது. உருளைகளுக்கு நடுவே கரும்பைத் தள்ளும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது. கரும்போடு வலக்கையும் போயிற்று. குஞ்சம்மா இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்ததில் கை மிஞ்சியது. சுண்டுவிரலும் மோதிர விரலும் மிஞ்சவில்லை. அன்றைய சாற்றைக் கொட்டவில்லை, அதுவும் சர்க்கரையாகிக் கப்பலேறியது.

இரண்டு நாள் சுரத்தில் கிடந்தார். மூன்றாம் நாள் காலையில் குஞ்சம்மா மடியில் எதையோ மறைத்துக்கொண்டு வந்தாள். துரை தோட்டத்து வில்வம், யாருக்கும் தெரியாமல் பறித்தது.

"இதச் சாத்திட்டு ஒரு வாய் கஞ்சி குடி அக்கா. இதுதான் நெசமான வில்வம். நீ செத்துப் போயிருவ."

அம்மையார் அதை வாங்கி முகர்ந்து பார்த்தார்.

"நல்ல வாசன. அவருக்கு உகந்ததுதான், நான் இல்லேங்கல. ஆனா இருவது வருசமா அந்த மூணெல மரத்துக்கிட்டதான் வாங்கிக் குடுத்தேன். அதக் கொன்னதுல என் கையும் இருக்கு. அது சாஞ்ச ஈரம் காயறதுக்குள்ள வேற எலையோட போயி நிக்க எனக்கு மொகம் இல்லடி."

இலையைத் திருப்பிக் கொடுத்தார். கல்லை எடுத்து வரும்படி கேட்டார். குஞ்சம்மா ஒரு கையில் கல்லும் மறுகையில் அம்மையாரின் தோளுமாக, நான்கு மைல், வழியெல்லாம் உட்கார்ந்து உட்கார்ந்து கூட்டிப்போனாள். உச்சிவேளைக்கு அடிக்கட்டைக்கு வந்து சேர்ந்தார்கள். கல்லைக் கட்டையின்மேல் வைக்கச் சொன்னார். ஓடையில் உட்கார்ந்து வலக்கைக் கட்டுத்துணியை அவிழ்த்துக் கழுவினார். தண்ணீர் சிவந்து போயிற்று. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மூன்றையும் விரித்து, உள்ளங்கையைக் கல்லின்மேல் சாத்தினார்.

"மூணு இருக்கு சாமி, ஒரே காம்பு. உருளைக்குள்ள போயும் நீ மூணத்தான் மிச்சம் வச்ச. குப்பைதான் இதுவும், தெரிஞ்சேதான் குடுக்குறேன். வேணாம்னா சொல்லிரு."

அப்படியே தலையைச் சாய்த்துக்கொண்டார். குஞ்சம்மா வெகுநேரம் கழித்துத்தான் தொட்டுப் பார்த்தாள்.

சீட்டு இல்லாமல் இருவர் ஓடிவிட்டார்கள் என்று வையாபுரி ஆட்களோடு தேடி வந்தார். வந்தவர்தான் பிணத்தைத் தூக்கச் சொல்லி, கல்லின்மேலிருந்த கையை எடுத்தார். விரல்கள் வளர்ந்திருந்தன என்று நான் சொல்லப்போவதில்லை. வளரவில்லை, இரண்டு இடமும் ரணமாகவே இருந்தன. ஆனால் கைக்கு அடியில், கல்லின் நெற்றியில், ஒரு காம்பில் மூன்று இலை இருந்தது. அப்போதுதான் கொய்தது போன்ற பச்சை, காம்பில் பால் கசிந்துகொண்டிருந்தது. சுற்றிலும் கண்ணுக்கு எட்டியவரை கொய்யாவைத் தவிர ஒன்றும் இல்லை.

வையாபுரி அதைக் கசக்கவில்லை. இரண்டு கையாலும் எடுத்து முகர்ந்தார். வாசனை எதுவும் இல்லை, பழைய பச்சிலை நாற்றம்தான். ஆட்கள் அவர் வாயைப் பார்த்தார்கள்.

"வில்வம்," என்றார்.

இலையைத் துரை வாங்கிக்கொண்டார். தீவில் இப்படி ஒன்று இருந்ததை அதுவரை அவர் கண்டுகொண்டதில்லை. தடித்த காகிதத்தில் ஒட்டி, புதிய மரம் என்று எழுதி, அதற்குத் தம் பெயரையே வைத்துக் கப்பலில் அனுப்பினார். மரமும் அந்தப் பெயரும் இன்று யார் நினைவிலும் இல்லை. மதிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டு, கடலுக்கு அப்பால் விற்கப்பட்டு, தம்மிடம் மிஞ்சியதையெல்லாம் கழுவிச் சாத்தியவர் தையல்நாயகி அம்மையார். எந்த இலை என்று பாராமல் எவர் கை என்று பார்த்து வாங்கிக்கொண்ட ஈசனின் திருமுடியில் அந்த மூன்று விரல்கள் வாடாமல் இருக்கட்டும். அவர் பாதம் பட்ட மண் நம் நெற்றிக்கு நீறாகட்டும்.