தலையாட்டாத மாப்பிள்ளை

பேச்சிமுத்துவுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டதற்குக் காரணம் செண்பகவல்லிதான். பாவம், அவளுக்கு அது தெரியாது. பார்க்கப்போகும் பெண் என்று அவள் போட்டோ போனில் வந்த நாளில், போனை மடியில் வைத்துக் குனிந்தவன் நாலாம் நாள்தான் நிமிர்ந்தான். நிமிர்ந்ததும் "ஐயோ அம்மா!" என்று அலறினான்.

பெண் பார்க்க மூணே நாள் இருந்தது. கூட்டாளிகள் சுயம்பு, கொம்பையா, ஆவுடையப்பன் மூவரும் அவனை டாக்டரம்மாவிடம் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மூவரும் சொன்ன சொல் தட்டாத பிள்ளைகள். தொந்தரவே அதுதான்.

"தலையணை தாழ்வா இருக்கட்டும். போனைக் கண்ணுக்கு நேரா வெச்சுப் பாருங்க. ஒரு வாரம் தலையை வெடுக்குனு ஆட்டாதீங்க" என்றார் டாக்டரம்மா.

தலையணை தாழ்வாக இருக்கணுமே! கட்டிலுக்கு அடியில் வைத்தார்கள். போனைக் குடைக்கம்பில் கட்டி, அவன் முகத்துக்கு நேரே பிடித்தபடி சுயம்பு பின்பக்கமாகவே நடந்தான். நடந்து சாக்கடைக்குள் விழுந்தான். போன் கண்ணுக்கு நேராக இருக்கவேண்டுமே என்று பேச்சிமுத்துவும் கூடவே இறங்கினான்.

"வெடுக்குன்னா எம்புட்டு வேகம்ல?" என்று கேட்டான் கொம்பையா.

"அளவு சொல்லலையே. ஆட்டவே ஆட்டாட்டி வம்பில்ல" என்றான் ஆவுடையப்பன்.

வம்பு அங்கேதான் பிறந்தது. அந்தப் பக்கத்தில் பெண் பார்க்கும்போது மாப்பிள்ளை வாய் திறக்கக் கூடாது. காபி வந்ததும் தலையை ஆட்டினால் சம்மதம். ஆட்டாவிட்டால் வந்த வழியே போகவேண்டியதுதான். போதாக்குறைக்கு, அன்றைக்கே நாலு மணிக்குப் பெண் பார்க்க இன்னொரு மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது.

அந்த நாளும் வந்தது. செண்பகவல்லி காபி கொண்டுவந்தாள். அடடா, போட்டோவெல்லாம் சும்மா! பேச்சிமுத்துவுக்கு நெஞ்சு திக்திக்கென்று அடித்தது. தலை மட்டும் அசையவில்லை.

"என்ன தம்பி, பொண்ணு பிடிக்கலையா?" என்றார் அவள் அப்பா சங்கரபாண்டியன். செண்பகவல்லிக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. மணி மூணே முக்கால்.

"தலையைத்தானல ஆட்டக் கூடாது? நாற்காலியை ஆட்டுவோம்!" என்றான் கொம்பையா. மூவரும் நாற்காலியைத் தூக்கி முன்னும் பின்னும் ஆட்டினார்கள். பேச்சிமுத்து கேசரித் தட்டில் குப்புற விழுந்தான்.

"இது சம்மதமா, மயக்கமா?" என்று கேட்டார் சங்கரபாண்டியன்.

பேச்சிமுத்துவை எடுத்து உட்கார வைக்கும்போது சுயம்புவுக்குப் பளிச்சென்று ஒரு யோசனை வந்தது. "ரயில்ல போகையில மரம் ஓடுதுல்லா? நாமதான ஓடுதோம்! அவன் ஆடாட்டி என்ன மாமா, நீங்க ஆடுங்க!"

சங்கரபாண்டியன் பெருமூச்சு விட்டு, அவனையே பார்த்தபடி உட்கார்ந்து எழுந்தார். அவர் எழுந்தால் அவர் கண்ணுக்கு மாப்பிள்ளை தலை கீழே போனது. உட்கார்ந்தால் மேலே வந்தது.

"அடேயப்பா, ஆட்டுதாருய்யா!" என்று கூவினார்.

வீடே உட்கார்ந்து எழுந்தது. செண்பகவல்லி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, எல்லாரையும்விட வேகமாக உட்கார்ந்து எழுந்தாள். "அப்பா, எனக்கு ரொம்பவே ஆட்டுதாரு!" என்று சிரித்தாள். நாலு மணிக்கு வந்தவர்கள் வாசலில் நின்று இதைப் பார்த்துவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிப்போனார்கள்.

மறுநாள் டாக்டரம்மாவிடம் ஒரு வேன் நிறைய ஆள். பதினெட்டு பேருக்கும் முழங்கால் பிடித்திருந்தது.

"அது இருக்கட்டும். உங்க கழுத்து சரியாயிடுச்சா?" என்று கூடவே வந்திருந்த பேச்சிமுத்துவைக் கேட்டார் டாக்டரம்மா.

மாமனார் எதிரில் மாப்பிள்ளை வாய் திறப்பானா? கல்லாக உட்கார்ந்திருந்தான். சுயம்பு பணிவாகப் போய் டாக்டரம்மாவின் நாற்காலியைப் பின்னால் இழுத்தான்.

"கேட்டது நீங்கல்லா? எந்திரிங்கம்மா."

டாக்டரம்மா பதறி எழுந்தார். தலை சுற்றிப் பொத்தென்று உட்கார்ந்தார்.

"பாத்தியளா, ஆட்டுதாரு! சரியாயிட்டாம்!" என்று பதினெட்டு பேரும் கைதட்டினார்கள்.